சாட்டர்த்வெயிட்: ஒரு குடும்பப் பெயரின் வேரைத் தேடி அலைந்த அனுபவம்

ஆங்கிலேயக் குடும்பப் பெயர் ஒன்றின் பூர்வீகத்தைத் தேடப் போகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை: "உங்கள் குடும்பச் சின்னம்" என்று சிங்கமும் தலைக்கவசமும் வரைந்து கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கிற கடைகளுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் குடும்பப் பெயருக்கு என்று ஒரு சின்னம் கிடையவே கிடையாது. சின்னம் என்பது ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுவது, அவருடைய ஆண் வழி வாரிசுகளுக்குப் போவது, அதே பெயர் இருக்கிற எல்லோருக்கும் சொந்தமில்லை. சின்னங்களை வழங்கிப் பதிவு செய்கிற, லண்டனில் இருக்கும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸே இதைத் தெளிவாகச் சொல்கிறது. சாட்டர்த்வெயிட் என்ற குடும்பப் பெயர் கொண்ட என் சம்பந்தியின் வீட்டுக் கூடத்தில் அப்படி ஒன்று பல வருஷமாகத் தொங்குகிறது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது நண்பர்கள் வாங்கிக் கொடுத்தது. அதில் சாட்டர்த்வெயிட் குடும்பம் 1066இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் படையோடு வந்ததாக இரண்டு பத்தி எழுதியிருக்கிறார்கள். பேத்தி பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொண்டுபோக வேண்டும் என்று அதைப் பார்த்துக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நார்மன்களுக்கும் இந்தப் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சரி, நாமே தேடிவிடுவோம் என்று இறங்கினேன்.

அர்த்தம் கண்டுபிடிப்பதுதான் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பெயரைப் பொறுத்தவரை அது ஒரு மாலை வேலை. வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில், கானிஸ்டன் ஏரிக்கும் விண்டர்மியருக்கும் நடுவில், கிரைஸ்டேல் காட்டுக்குள் சாட்டர்த்வெயிட் என்றே ஒரு சின்ன கிராமம் இருக்கிறது. பெயர் வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழி. முன்பாதி 'சேட்டர்', கோடைகாலத்தில் மாடு ஆடுகளை ஓட்டிப்போய்த் தங்கும் மேய்ச்சல் இடம். பின்பாதி 'த்வெயிட்', காடு திருத்திய நிலம். அந்த வட்டாரம் முழுக்க த்வெயிட்தான்: பாசென்த்வெயிட், பிரெய்த்வெயிட், ராஸ்த்வெயிட். ஆம்பிள்சைட் என்ற ஊரின் வால்கூட அதே சேட்டர் தேய்ந்து வந்ததுதான். பத்தாம் நூற்றாண்டு வாக்கில் அயர்லாந்து, மான் தீவுப் பக்கமிருந்து கடல் வழியாக வந்து குடியேறிய நோர்ஸ்காரர்கள் விட்டுப்போன சொற்கள் இவை. நம்மூரில் வெளியூர் போய் உட்கார்ந்தவரை அவர் சொந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரிதான், கிராமத்தை விட்டுப் பக்கத்து ஊருக்குப் போனவருக்கு இந்தப் பெயர் ஒட்டியிருக்கிறது. கிராமத்துக்குள்ளேயே இருந்தால் எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள், யாரையும் அப்படிக் கூப்பிட வேண்டியதில்லை.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குப் பெயர் பழக்கமாக இருக்கலாம். நியூசிலாந்தின் ஏமி சாட்டர்த்வெயிட் 2016-17இல் ஒருநாள் போட்டிகளில் தொடர்ந்து நான்கு சதம் அடித்தார். சங்கக்காராவுக்கு அப்புறம் அதைச் செய்தவர், பெண்களில் முதல் ஆள். பெயர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

உண்மையான கஷ்டம், சம்பந்தியின் குடும்பத்தை அந்தப் பள்ளத்தாக்கு வரை ஒரு கண்ணி அறாமல் கொண்டுபோவது.

1837 ஜூலை 1இலிருந்து இங்கிலாந்து, வேல்ஸில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசுப் பதிவு. ஃப்ரீபிஎம்டி என்ற இணையதளத்தில் அந்தப் பதிவுகளின் இன்டெக்ஸ் இலவசம், பெயர் அபூர்வமானது என்பதால் ஒரே பெயரில் ஐம்பது பேர் வந்து குழப்புகிற தொல்லையும் இல்லை. ஒரு திருமணச் சான்றிதழ் மட்டும் உடனே வேண்டியிருந்தது. ஆன்லைனில் காத்திருப்பதைவிட நேரிலேயே வாங்கிவிடலாம் என்று இன்டெக்ஸில் இருந்த தொகுதி எண், பக்க எண் எல்லாம் அழகாக எழுதி எடுத்துக்கொண்டு ஒரு உள்ளூர்ப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மணி எண்ணைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், "இப்படி ஒரு பதிவு எங்களிடம் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். ஏன் இல்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. வீட்டுக்கு வந்து விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இன்டெக்ஸில் இருக்கும் எண் மத்தியப் பதிவகமான ஜிஆர்ஓவின் எண், உள்ளூர் அலுவலகத்தில் அது எதற்கும் உதவாது, அங்கே எந்தத் தேவாலயம், எந்த வருஷம் என்று சொல்லித்தான் தேடச் சொல்ல வேண்டும். தினம் இதே வேலை பார்க்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்? அரை நிமிஷம் ஒதுக்கிச் சொல்லியிருந்தால் எனக்கு ரயில் காசு மிச்சம். நீங்கள் போனால் எண்ணை மறந்துவிடுங்கள், தேவாலயத்தின் பெயரோடு போங்கள். இல்லாவிட்டால் பேசாமல் ஜிஆர்ஓ தளத்திலேயே கேளுங்கள். அந்தத் தளத்தின் பிறப்பு இன்டெக்ஸில் 1837 முதலே தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் இருக்கிறது, ஒரே குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் பிடிக்க அதைப் போல ஒன்று கிடையாது.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841 முதல் 1921 வரை பத்து வருஷத்துக்கு ஒன்று பார்க்கலாம். 1931 கணக்கெடுப்புத் தாள்கள் 1942இல் தீயில் போய்விட்டன, 1941இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. பெயர் எங்கே அடர்த்தி என்று பார்க்க 1881தான் வசதி, ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் கணக்குத் தொடங்கினால் இலவசம். இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கிராமம் இப்போது கம்பிரியாவில் இருக்கிறது என்று கம்பிரியா போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. கம்பிரியா என்ற கவுன்டியே 1974இல் உருவானது. அதற்கு முன்னால் இந்தப் பகுதி லங்காஷயர், அதுவும் மோர்கம் விரிகுடாவின் மணல்வெளிக்கு அந்தப் பக்கம் துண்டாகக் கிடந்த லங்காஷயர், "மணலுக்கு வடக்கே" என்றே அதற்குப் பெயர். பதிவு மாவட்டம் அல்வர்ஸ்டன். லங்காஷயர் என்று மாற்றிப் போட்டதும் ஆட்கள் வரிசையாக வந்து நின்றார்கள். அதனால் வரைபடத்தில் "இந்தப் பெயர் லங்காஷயருக்குரியது" என்று வண்ணம் பூசியிருப்பதைப் பார்த்து பழைய லங்காஷயரின் தெற்கே இருந்த மான்செஸ்டர் பக்கம் ஓடாதீர்கள், மாவட்ட வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இன்றைக்கு இந்தப் பெயரில் உலகத்தில் இத்தனை பேர் என்று கடைசி இலக்கம் வரை சொல்லும் தளங்களையும் நம்பாதீர்கள். நான் பார்த்தவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவே இல்லை.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. பெயரைச் சொன்னவருக்கு எழுதத் தெரியாது, எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். த்வெயிட் என்ற வால் த்வெட், த்வாட் என்றெல்லாம் குறுகியிருக்கிறது, முதல் எழுத்தை எல் என்று படித்து லாட்டர்த்வெயிட் ஆக்கி வைத்திருக்கிறார்கள். தேடல் பெட்டியில் நட்சத்திரக்குறி போட்டுத் தேடுவது கட்டாயம். அமெரிக்காவில் இருக்கும் சாட்டர்ஒயிட் என்ற பெயரும் இதன் திரிபுதான், வெள்ளை நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

1837க்கு முன்னால் போனால் பாரிஷ் பதிவேடுகள், அதாவது ஒவ்வொரு தேவாலய வட்டாரமும் வைத்திருந்த ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள். 1538இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவு அது, ஆனால் எல்லா ஊரிலும் அன்றிலிருந்தே ஏடு மிஞ்சவில்லை. சாட்டர்த்வெயிட் கிராமம் ஹாக்ஸ்ஹெட் பாரிஷுக்குள் அடங்கியிருந்தது, அங்கே பழைய ஏடு 1568இலிருந்து இருக்கிறது. 1704 வரை உள்ள பகுதியை 1897லேயே அச்சிட்டுவிட்டார்கள் என்பதால் பழைய கையெழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அச்சில் பக்கத்துக்குப் பக்கம் இந்தப் பெயர் கண்ணில் படுகிறது, சம்பந்திக்குக் காட்டியபோது மனுஷர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

ஆனால் நம் சம்பந்தியின் கிளை 17ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பதிவேட்டிலிருந்து திடீரென்று காணாமல் போய்விடுகிறது. ஞானஸ்நானம் இல்லை, திருமணம் இல்லை. ஊரை விட்டுப் போய்விட்டார்களா என்றால் அதுவும் இல்லை, வேறு தாள்களில் அதே பண்ணையில் இருக்கிறார்கள். காரணம், சர்ச்சின் சடங்குகளை ஏற்காத குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவு. அந்தப் பிரிவின் நிறுவனர் ஜார்ஜ் ஃபாக்ஸ் 1652இல் அல்வர்ஸ்டன் பக்கம் ஸ்வார்த்மோர் ஹாலுக்கு வந்து பேசிய பிறகு அந்த வட்டாரத்தில் நிறையக் குடும்பங்கள் அவர் பின்னால் போய்விட்டன. அவர்கள் பாதிரியாரிடம் போக மாட்டார்கள், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள், தங்கள் கூட்டத்துக்கென்று தனியாகப் பதிவு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பதிவேடுகளை 1840இல் அரசிடம் ஒப்படைத்தார்கள், இப்போது லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகமான நேஷனல் ஆர்கைவ்ஸில் ஆர்ஜி 6 என்ற வரிசையில் இருக்கின்றன, ஸ்கேன் செய்தும் போட்டிருக்கிறார்கள். கல்லறையில் ஏதாவது பெயர் கிடைக்குமா என்று ஹாக்ஸ்ஹெட் பக்கம் கோல்ட்ஹவுஸில் இருக்கும் குவேக்கர் இடுகாட்டுக்கும் மாப்பிள்ளை காரில் கூட்டிப்போனார். பெயர் சொல்லிச் சுற்றுலாக் கையேட்டில் போட்டிருந்ததால் ஆசையோடு போனோம். அந்தக் காலத்து ஆட்களுக்குக் கல்லே இல்லை. கல் வைப்பது வீண் பெருமை என்று குவேக்கர்கள் வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள், 1850க்கு அப்புறம்தான் எளிமையான கல்லுக்கு அனுமதி.

இப்போது நான் மிகவும் சந்தோஷப்பட்ட இடம். இணையத்தில் பலர் போட்டு வைத்திருக்கும் வம்ச மரங்களில் நம் கிளையின் ஒரு தம்பதியை இரண்டு வெவ்வேறு தம்பதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒருவர் போட்டதை எல்லோரும் அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். ஏன் என்றால் திருமணம் "4ஆம் மாதம் 1723", மூத்த குழந்தை "1ஆம் மாதம் 12ஆம் நாள் 1723". ஏப்ரலில் கல்யாணம், ஜனவரியிலேயே குழந்தை, இது நடக்காது, வேறு தம்பதி என்று முடிவு கட்டிவிட்டார்கள். குவேக்கர்கள் மாதங்களுக்குப் பெயர் சொல்ல மாட்டார்கள், அந்தப் பெயர்கள் அந்நியத் தெய்வங்களின் பெயர்கள் என்று எண்ணை மட்டும் எழுதுவார்கள். 1752 வரை இங்கிலாந்தில் வருஷம் மார்ச் 25இல்தான் பிறந்தது, மார்ச்தான் அவர்களுக்கு முதல் மாதம். அப்படியானால் 4ஆம் மாதம் ஜூன். 1ஆம் மாதம் மார்ச். மார்ச் 12 என்பது வருஷம் மாறுவதற்கு முன்னால், ஆகவே பழைய கணக்கில் இன்னும் 1723, நம் கணக்கில் 1724. ஜூனில் திருமணம், ஒன்பது மாதம் கழித்து மார்ச்சில் குழந்தை. ஒரே தம்பதிதான்! இதை எழுதி அந்த மரங்களை வைத்திருப்பவர்களுக்கு அனுப்பினேன், சிலர் திருத்தியும் விட்டார்கள். குவேக்கர் பதிவில் 11ஆம் மாதம் என்று பார்த்தால் 1752க்கு முன் அது ஜனவரி, நவம்பர் இல்லை. சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

வீணாய்ப் போன பெரிய பயணம் உயிலுக்காக. 1858க்கு முன்னால் உயில்கள் எல்லாம் தேவாலய நீதிமன்றங்களில் இருந்தன. ஒரு ஆவணக் காப்பகத்துக்கு ஃபோன் செய்து ஹாக்ஸ்ஹெட் உயில்கள் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டேன், எடுத்தவர் "உள்ளூர்தானே, இங்கேதான் இருக்கும், வாங்க" என்றார். போனால், முதலில் வாசிப்பு அறைக்குள் விட மாட்டேன் என்றார்கள், பாஸ்போர்ட்டில் முகவரி இல்லையாம். நல்லவேளை கைப்பையில் வங்கிக் கடிதம் ஒன்று இருந்தது. பையைப் பூட்டி வைத்து, பேனாவைப் பிடுங்கிப் பென்சில் கொடுத்து, அட்டவணையைப் புரட்டி முடித்த பிறகு உள்ளே இருந்த இன்னொருவர் சொல்கிறார், ஹாக்ஸ்ஹெட் அடங்கிய ஃபர்னஸ் பகுதி உயில்கள் இங்கே ஒருபோதும் இருந்ததில்லை, ரிச்மண்ட் ஆர்ச்டீக்கனரி என்ற தேவாலய நிர்வாகப் பகுதியின் மேற்குப் பிரிவில் சேர்ந்தவை, எல்லாம் ப்ரெஸ்டனில் லங்காஷயர் காப்பகத்தில் இருக்கின்றன என்று. அன்றைக்கு முழுநாள் போச்சு, தங்கும் அறை வாடகையும் போச்சு. ஃபோனில் சொல்வதை வைத்துக் கிளம்பாதீர்கள், ஆவண எண் என்னவென்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ப்ரெஸ்டனில் எல்லாம் சுமுகமாக நடந்தது. கிடைத்த உயிலில் பித்தளைப் பாத்திரமும் ஆடுகளும் யார் யாருக்கு என்று எழுதி, பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் சொல்லியிருக்கிறது. அது 1723 தம்பதியை அவர்கள் தாத்தாவோடு இணைத்துவிட்டது, அங்கிருந்து 1568 ஏடு வரை நூல் போகிறது.

பெயர் அபூர்வமாக இருப்பதில் ஒரு கவலையும் உண்டு. ஆண் வழியாக மட்டும் போகிற பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை ஏன் அழிகின்றன என்று ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1873இல் கேள்வி எழுப்ப, ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். பெண்ணாகப் பிறந்தால், பிள்ளையில்லாமல் போனால், அந்தக் கிளையில் பெயர் முடிந்தது. இன்னொரு பக்கம், அபூர்வப் பெயர்க்காரர்கள் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு அதிகம். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் அட்டன்பரோ, ஸ்விண்டில்ஹர்ஸ்ட் போன்ற பெயர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு, அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிற ஒய் குரோமோசோம் ஒரே மாதிரியோ ஏறக்குறைய ஒரே மாதிரியோ இருந்தது. ஸ்மித் என்ற பெயருக்கு இப்படி எதிர்பார்க்க முடியாது. சம்பந்தியும் அந்தச் சோதனைக்கு எச்சில் மாதிரி கொடுத்திருக்கிறார், முடிவு இன்னும் வரவில்லை.

1568க்கு முன்னால் போக வேண்டுமானால் நிலத்தின் கதையைப் பிடிக்க வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஃபர்னஸ் மடத்துத் துறவிகளின் சொத்து. 1537இல் எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்த பிறகு நிலம், மன்னருக்குச் சொந்தமான சொத்துத் தொகுதியான லங்காஸ்டர் டச்சியின் கைக்குப் போனது, அந்த டச்சியின் பழைய ஆவணங்கள் கியூவில் இருக்கின்றன. குத்தகைதாரர் பெயர்கள் அதில் வரும். பெரும்பாலும் லத்தீன், அதுவும் சொற்களைச் சுருக்கி எழுதிய லத்தீன். நீதிமன்றத் தாள்கள் ஆங்கிலத்துக்கு மாறியதே 1733இல்தான். அந்தக் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் இலவசப் பாடம் நேஷனல் ஆர்கைவ்ஸ் தளத்திலேயே இருக்கிறது, இப்போது அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் யாராவது அந்தத் தாள்களைக் கியூவில் நேரில் பார்த்திருந்தால், எந்த வரிசையில் ஆரம்பிக்கலாம் என்று சொல்லுங்கள், இன்னொரு தடவை கதவு வரை போய்த் திரும்புகிற தெம்பு எனக்கு இல்லை.