தேதி சொல்றதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க

முன்னாடி இருந்த ஸ்டார்ட்அப்ல ஃபவுண்டர் ஒரு கஸ்டமர் கால்ல "ரெண்டு வாரத்துல முடிச்சுடுறோம்"னு சொல்லிட்டு, மியூட் போட்டு எஞ்சினியருங்க எங்கள திரும்பிப் பார்த்தாரு, முடியும்தானேன்னு. முடியாதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா யாரும் வாய் திறக்கல, அது இன்னைக்கும் எனக்கு உறுத்துது. டெஸ்ட் எழுதாம, பில்லிங் கோட அப்படியே காப்பி பண்ணி ஒட்டி எப்படியோ ரிலீஸ் பண்ணோம், அப்புறம் மூணு மாசம் ஒரே பில் ரெண்டு தடவ போறத சரி பண்றதுலயே போச்சு.

இப்படி அவசரத்துக்கு அரைகுறையா கோட் எழுதிட்டு, பின்னாடி உக்காந்து சரி பண்றதுக்குப் பேருதான் டெக்னிக்கல் டெப்ட், அதாவது தொழில்நுட்பக் கடன். இந்த உவமைய 1992ல சொன்னவரு வார்ட் கன்னிங்ஹாம்னு ஒரு புரோகிராமர். அவரு எழுதிட்டிருந்தது ஃபைனான்ஸ் சாஃப்ட்வேர், பாஸுக்குப் புரியணும்னுதான் கடன்னு சொன்னாரு. கடன் வாங்கினா வேகமா போகலாம், கட்டாம விட்டா வட்டி ஏறும். இப்படி ஃபவுண்டருங்களுக்குப் புரியுற பாஷைல சொல்றது எஞ்சினியருங்க நம்ம வேலைதான். ஆனா கையில எத்தன மாசத்துக்குப் பணம் இருக்குன்னு எங்ககிட்ட யாரும் சொன்னதே இல்ல, தெரிஞ்சிருந்தா எதை விடலாம், எதைத் தொடவே கூடாதுன்னு நாங்களே சொல்லியிருப்போம்.

இப்ப இருக்குற இடத்துல ரன்வே எவ்ளோன்னு, அதாவது இருக்குற பணம் இன்னும் எத்தன மாசம் வரும்னு, மாசாமாசம் எல்லாருக்கும் சொல்றாங்க, சேல்ஸ் கால்ல கூடவே ஒரு எஞ்சினியரும் உக்காருறோம். போன வாரம் நானே நடுவுல "அதுக்கு ஆறு வாரம் ஆகும்"னு சொன்னேன், கஸ்டமர் சரின்னுட்டாரு.