மின்முனைக்குப் பதில் வராதபோது

3 மார்ச் 2025, திங்கள்

பேச்சுப் பகுதியை ஒட்டிய கிளையோமா, அதாவது மூளைக்கட்டி. நோயாளியை விழிக்க வைத்து, படம் காட்டிப் பெயர் கேட்டபடியே மூளையில் மின்முனை வைத்து, பேச்சு தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளும் அறுவை. பாதி வேலை முந்தைய நாளே முடிந்துவிட வேண்டும். படங்களை எல்லாம் ஒருமுறை காட்டி, தயங்கியதையும் தப்பாகச் சொன்னதையும் எடுத்துவிடுவது. விட்டுவைத்தால், மறுநாள் வரும் பிழை மின்சாரத்தாலா பழகாத படத்தாலா என்று பிரிக்க முடியாது.

"இது பூனை" என்று "இது" சேர்த்தே சொல்லப் பழக்க வேண்டும். "இது..." வந்து பெயர் வராவிட்டால் சொல் கிடைக்கவில்லை என்று பொருள். "இது"வே வராவிட்டால் பேச்சே நின்றுவிட்டது. இரண்டும் வேறு கோளாறு. வீட்டில் "பூன" என்பவரைத் திருத்த வேண்டாம். சொல்கிறபடியே தாளில் ஏற்றுவது. "வாளப்பளம்" என்பது அவர் ஊர்ப் பேச்சாக இருக்கலாம். அதை மறுநாள் நாக்குழறலாகக் குறித்துவைத்தால் வரைபடமே கெடும்.

5 மார்ச், புதன்

தலைத்தோல் நரம்புத் தடை: ஒரு பக்கத்துக்கு ஆறு நரம்பு. நெற்றியில் இரண்டு, பொட்டில் இரண்டு, பிடரியில் இரண்டு. மரத்துப்போகச் செய்யும் ரோபிவகெய்ன் அல்லது புபிவகெய்ன், கூடவே 1:200,000 அட்ரினலின். மூளைக்கு வலி தெரியாது, அதைப் போர்த்திய உறையான டியூராவுக்கு நன்றாகத் தெரியும். பொட்டுப் பக்கம் திறக்கும்போது லிக்னோகெய்ன் நனைத்த பஞ்சு கைவசம் இருக்கட்டும். பதற்றம் தணிக்க மிடசோலம் கொடுத்தால் பெயர் சொல்வது மந்தமாகிவிடும்.

8 மார்ச், சனி

இருமுனைக் கருவி, நுனிகளுக்கு நடுவே 5 மி.மீ. 60 ஹெர்ட்ஸ், 1 மில்லிவினாடித் துடிப்பு. 1 மில்லிஆம்பியரில் தொடங்கி அரை அரையாக ஏற்றுவது. முதலில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி, எண்ணுவது நிற்கும் அளவைப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் 2 முதல் 4-க்குள் கிடைத்துவிடும். எண்ணிக்கை நிற்கும்போது நாக்கோ உதடோ இழுக்கிறதா என்று முகத்துக்கு நேரே ஒருவர் பார்த்தாக வேண்டும். இழுத்தால் அது தசை இயக்கும் இடம். பேச்சிடம் என்று எழுதக் கூடாது.

படம் தோன்றுவதற்குச் சற்று முன்பே முனை தொட வேண்டும். 4 வினாடிக்கு மேல் வேண்டாம். ஒரே இடத்தை அடுத்தடுத்துத் தொட்டால் வலிப்பைக் கூப்பிடுவது போலாகும். நடுவே வேறு இடம் தொட்டுத் திரும்பி, ஓர் இடத்துக்கு மூன்று முறை. இரண்டு முறை பிழை வந்தால் அந்த இடத்தில் எண்ணிட்ட சீட்டு.

வலிப்பு வந்தால் மின்சாரத்தை நிறுத்தி, பனிக்குளிர்ச்சியான ரிங்கர் லாக்டேட் உப்புக் கரைசலை மூளைப் பரப்பில் ஊற்றுவது. பெரும்பாலும் அதிலேயே அடங்கும். ஆனால் அது "ஃபிரிட்ஜில் இருக்கிறது" என்றால் இல்லாத மாதிரிதான். முதல் தூண்டலுக்கு முன்பே மேசைமேல் கிண்ணத்தில் இருக்க வேண்டும்.

12 மார்ச், புதன்

எங்கு தொட்டாலும் பதில் இல்லை. தாராளமாக வெட்டலாம் என்று முடிவுகட்டுமுன் பார்க்க வேண்டியவை சில. பரப்பில் ரத்தமோ தண்டுவட நீரோ படலமாக நின்றால் மின்சாரம் அதன் வழியே ஓடிவிடும். ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி தொட வேண்டும். சற்றுமுன் வலிப்பு வந்து போயிருந்தால் அந்தப் பரப்பு கொஞ்ச நேரம் ஊமையாக இருக்கும். முழு மயக்கத்தில் கைகால் அசைவை மட்டும் பார்ப்பதென்றால், மூச்சுக்குழாய் போடக் கொடுத்த தசைத் தளர்ப்பி இன்னும் மிச்சமிருக்கலாம். கை நரம்பில் நான்கு மின்துடிப்புக் கொடுக்கும் சோதனையில் நான்குக்கும் தசை அசைகிறதா பார்க்கவும். செவோஃப்ளூரேன் மயக்க வாயு ஓடினாலும் பதில் தேயும், ஊசிவழி புரோபஃபால்தான் தோது.

இத்தனை பாடு எதற்கு? 8,091 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த 2012 தொகுப்பாய்வில், நிலைத்துவிட்ட கடும் நரம்புக் குறை தூண்டல் செய்தவர்களில் 3.4%, செய்யாதவர்களில் 8.2%.

15 மார்ச், சனி

பரப்பைத் தாண்டி, நரம்பு நார்கள் ஓடும் வெண்பொருளுக்குள் இறங்கியதும் பிழையின் வகைதான் வழிகாட்டி. "பூனை"க்குப் பதில் "நாய்" வந்தால் பொருளைச் சுமக்கும் நார், "பூளை" வந்தால் ஒலியைச் சுமக்கும் வளைநார் அருகில்.

கைகாலை இயக்கும் நாருக்கு ஒற்றைமுனைக் கருவி: ஐந்து துடிப்புத் தொடர், ஒவ்வொன்றும் 0.5 மில்லிவினாடி, இடைவெளி 4 மில்லிவினாடி. 1 மில்லிஆம்பியருக்குச் சுமார் 1 மி.மீ. தூரம். 5-இல் கை துடித்தால் நிதானிக்க வேண்டிய இடம். 2 அல்லது 3-இல் துடித்தால் பலர் கருவியைக் கீழே வைத்துவிடுவார்கள். இந்தக் கணக்கு இந்த அமைப்புக்கு மட்டுமே. யாராவது துடிப்பின் நீளத்தை 0.2 மில்லிவினாடிக்குக் குறைத்து வைத்திருந்தால் அதே தூரத்துக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். திரை 7 என்று காட்டும். நார் அதைவிடக் கிட்டத்தில் இருக்கும்.