அப்புறம் எவ்வளவு?

குணமாகாத நோயாளிகளைக் கடைசிவரை நோவு தணித்துக் கவனித்துக்கொள்ளும் அமைப்புதான் ஹாஸ்பிஸ். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அதன் தரத்தைப் பார்க்கப் போகிறவருக்கு முதலில் தோட்டத்தைக் காட்டுவார்கள். பிறகு டீ வரும், ஸ்கோன் வரும், நன்கொடை தந்தவர்களின் பெயர்ப் பலகை வரும். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிவிட்டு 10 ஃபைல் கேட்க வேண்டும். 5 இப்போது பராமரிப்பில் இருப்பவர்களுடையவை, 5 கடந்த 3 மாதத்தில் இறந்தவர்களுடையவை. எந்தெந்த ஃபைல் என்பதைப் பதிவேட்டைப் பார்த்து நாமே குறித்துக் கொடுக்க வேண்டும். அவர்களே எடுத்துக் கொடுத்தால் அழகான ஃபைல்தான் வரும். (இது மதிப்பீட்டுக்கென்று முறையாகப் போகிறவருக்கு. நோயாளியின் குடும்பத்தாருக்கு மற்றவர் ஃபைலைக் காட்டமாட்டார்கள். காட்டினால் அதுவே பெரிய குறை.)

ஃபைலைத் திறந்ததும் தேட வேண்டியது நோவு எண். 0 என்றால் நோவே இல்லை, 10 என்றால் இதற்கு மேல் தாங்காது. காலை 10 மணிக்கு 8 என்று எழுதியிருக்கும். மருந்து கொடுத்ததும் எழுதியிருக்கும். அப்புறம்? வாய்வழி மார்ஃபின் மிக்ஸ்சர் (கடும் நோவுக்குக் குடிக்கும் திரவ மருந்து) அரை மணியில் வேலை செய்யத் தொடங்கும், ஒரு மணி நேரத்தில் அதன் முழு பலமும் தெரிந்துவிடும். அதனால் வார்டு என்றால் 11 மணி வாக்கில் இன்னொரு எண் இருந்தாக வேண்டும். வீட்டுப் பராமரிப்பு என்றால் அன்றைக்கே நர்ஸ் போன் பண்ணிக் கேட்ட குறிப்பு இருக்க வேண்டும். முதல் எண்ணை எல்லோரும் எழுதுவார்கள், ஃபார்மிலேயே அதற்குக் கட்டம் இருக்கிறது. இரண்டாவது எண்ணுக்குப் பெரும்பாலும் கட்டம் கிடையாது. திரும்பிப் போய்க் கேட்டவர்தான் அதை எழுத முடியும்.

இன்னொரு வகைச் சார்ட்டும் உண்டு. காலை 6, மதியம் 12, மாலை 6, இரவு 12, நான்கிலும் 3. மறுநாளும் 3, அதற்கு மறுநாளும் 3. எலும்புக்குப் பரவிய புற்றுநோய் ஒரு வாரம் முழுக்க 3லேயே நிற்காது. இது நோயாளியைப் பார்த்து எழுதியதல்ல, மேலே இருக்கும் வரியைப் பார்த்து எழுதியது. எண் ஏறி இறங்கிக் கிடக்கும் அழுக்குச் சார்ட்டைத்தான் நம்பலாம்.

மருந்துக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் மார்ஃபின் 6ஆம் அட்டவணை மருந்து, அதாவது கடும் கட்டுப்பாட்டில் உள்ளது. ஒரு சீட்டுக்கு அதிகபட்சம் 30 நாள் மருந்து, அதே சீட்டில் மறுபடி வாங்க முடியாது. ஒவ்வொரு முறையும் டாக்டர் புதிதாக எழுத வேண்டும். சட்டத்தில் பெரிய சிக்கல் ஒன்றுமில்லை, சிக்கல் கணக்கில்தான் வரும். 5 மில்லியில் 10 மில்லிகிராம் உள்ள மிக்ஸ்சர், 200 மில்லி பாட்டில் என்று வையுங்கள். காலை 6, 10, மதியம் 2, மாலை 6 ஆகிய வேளைகளுக்கு 5 மில்லி வீதம் 20 மில்லி. இரவு நடுவில் எழுப்பாமல் இருக்க 10 மணிக்கு இரட்டை அளவாக 10 மில்லி. ஆக ஒரு நாளைக்கு 30 மில்லி. பாட்டில் ஆறரை நாள் வரும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் இடையில் நோவு கிளம்பும்போது கொடுக்கும் 5 மில்லியை யாரும் கூட்டுவதில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை கொடுத்தால் 45 மில்லி. திங்கள் காலை திறந்த பாட்டில் வியாழன் இரவு 20 மில்லியில் நிற்கும், வெள்ளி மதியம் வறண்டுவிடும். டாக்டர் கிளம்பிப்போகிற நேரமும் அதுதான். வெள்ளி மதியம் தீர்கிற பாட்டில்களை வியாழனே கண்டுபிடிக்கிற ஆள் யார் என்று கேளுங்கள். பெயர் சொன்னால் நல்ல இடம். "குடும்பம் சொல்லும்" என்றால் கவலைப்பட வேண்டிய இடம். டிசம்பர் 16க்கும் ஜனவரி 1க்கும் நடுவில், விடுமுறைக் காலத்தில், என்ன ஏற்பாடு என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும்.

அதே கணக்கில் இன்னொரு சோதனையும் இருக்கிறது. அந்த நோயாளி ஒரு நாளில் உண்மையில் குடித்தது 45 மில்லி, அதாவது 90 மில்லிகிராம். மறுநாள் வேளை மருந்து 10 மில்லிகிராமிலிருந்து 15க்கு ஏறியிருக்க வேண்டும், இரவுக்கு 30. இடைமருந்தும் கூடவே ஏறி 15 ஆகியிருக்க வேண்டும். பல ஃபைல்களில் இடைமருந்து மூன்று, மூன்று, நான்கு என்று வரிசையாக இருக்கும், வேளை மருந்து மட்டும் அசையாமல் கிடக்கும். நர்ஸ் கணக்காக எழுதியிருக்கிறார், படித்துப் பார்த்து மாற்ற ஆளில்லை. விழுங்க முடியாமல் போய்த் தோலுக்கடியில் சிரிஞ்சு டிரைவர் (மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் சிறு கருவி) வைக்கும் நாளில் வாய்வழி அளவில் பாதி போட வேண்டும்: 90க்கு 45, 24 மணி நேரத்துக்கு. 90 என்றே மாற்றி எழுதியிருந்தால் நோயாளி இரட்டை மருந்தில் மயங்கிக் கிடப்பார், குடும்பம் "ஊசி போட்டே முடிச்சிட்டாங்க" என்று சொல்லும். அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவும், அடுத்த வீட்டு நோயாளிக்கு மார்ஃபினே வேண்டாம் என்பார்கள்.

மிக்ஸ்சரின் வீரியமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மருந்தகம் 5 மில்லியில் 20 மில்லிகிராம் என்று கலந்து கொடுத்தால் அதே 5 மில்லி இரட்டிப்பாகிவிடும். பழைய பாட்டிலும் புதுப் பாட்டிலும் ஒரே அலமாரியில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அளக்க ஸ்பூன் கூடாது, ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சு கொடுத்து எந்தக் கோடு வரை என்று மார்க்கர் பேனாவால் அடையாளம் போட்டிருக்க வேண்டும். மார்ஃபின் எழுதிய அதே சீட்டில் மலமிளக்கியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தாம் நாள் வயிறு இறுகி, அந்த நோவுக்கும் மார்ஃபினையே கூட்டிக்கொண்டு போவார்கள். 10 ஃபைலில் எத்தனையில் சென்னா என்ற மலமிளக்கி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்று நிமிஷ வேலை.

இரவு 2 மணி விஷயம். விளம்பரத்தாளில் "24 மணி நேர உதவி" என்று இருக்கும். அந்த எண்ணுக்கு இரவு 2 மணிக்கே போன் போட்டுப் பார்க்க வேண்டும். எடுப்பவர் நர்ஸா, காவலாளியா, ரெக்கார்டிங்கா? நர்ஸ் என்றால் நோயாளியின் மருந்துப் பட்டியல் அவர் கையில் இருக்கிறதா? இரவில் நர்ஸை வண்டி ஓட்டிக்கொண்டு ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் போன்ற டர்பன் புறநகர்களுக்கு அனுப்புவது பாதுகாப்பில்லை என்று பல ஹாஸ்பிஸ்கள் நினைக்கின்றன. அதில் தப்பில்லை. தப்பு, அதை முதல் நாளே சொல்லாமல் விடுவது. வர முடியாத ஹாஸ்பிஸ் ஒரு பக்கத்தாளை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும்: மூச்சு வாங்கினால் என்ன, வாந்தி வந்தால் எது, பிதற்றினால் எது, எவ்வளவு, எப்போது மறுபடி. மருந்தும் பெயர் ஒட்டிய பையில் வீட்டிலேயே இருக்க வேண்டும். தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். டிராயரில் இருந்தால் இரவு 2 மணிக்குக் கிடைக்காது.

அடுத்தது மொழி. இங்கே எந்த மதிப்பீட்டுப் படிவமும் இதைக் கேட்பதாகத் தெரியவில்லை, ஆனால் நம் வீடுகளில் இதுதான் பெரிது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றதிலிருந்து ஐந்தாறு தலைமுறை ஆகிவிட்டது. பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் வீட்டு மொழி. 85 வயது ஆயாவும் (பாட்டியைத்தான் அப்படிச் சொல்வோம்) நாற்பது வருஷமாக ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருப்பார். ஆனால் கடைசி வாரத்தில் நினைவு தப்பும்போது, கரும்புத் தோட்டத்தில் சின்ன வயதில் பேசிய தமிழ் திரும்பி வந்துவிடும். பக்கத்தில் இருக்கும் கேர்கிவருக்கு ஜூலுவும் ஆங்கிலமும் தெரியும். ஆயா "நோவுது, நோவுது" என்கிறார், சார்ட்டில் "அமைதியின்றி இருக்கிறார்" என்று பதிவாகி, நோவு மருந்துக்குப் பதில் தூக்க மருந்து போகிறது.

நல்ல ஹாஸ்பிஸில் கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டை இருக்கும். நோவு, தண்ணி, மூச்சு, குளுருது, திருப்பு. ஐந்தாறு சொல்தான், உச்சரிப்பு ஆங்கில எழுத்தில். "ஆயா, நோவுதா?" என்று ஒரு ஜூலுப் பெண் கேட்கும்போது அந்த முகத்தில் தெரிவதை எந்த ஸ்கோராலும் அளக்க முடியாது. பேச்சே நின்றுவிட்டவர்களுக்குப் பார்த்து அளக்கும் முறை இருக்கிறது. பெய்னாட் என்பார்கள்: மூச்சு, முனகல், முகம், உடம்பு, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. பேசாத நோயாளியின் ஃபைலில் "கேட்க இயலவில்லை" என்ற வரி மட்டும் இருந்தால், இந்த முறையை யாருக்கும் சொல்லித்தரவில்லை என்று அர்த்தம்.

ஆப்பிரிக்கா முழுவதற்குமென்று ஒரு 10 கேள்வித் தாளும் உண்டு, ஆப்பிரிக்க பாலியேட்டிவ் கேர் (நோவு தணிக்கும் பராமரிப்பு) சங்கம் உருவாக்கியது. 7 கேள்வி நோயாளிக்கு, 3 கவனித்துக்கொள்கிறவருக்கு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கடந்த 3 நாளைப் பற்றித்தான் கேட்க வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் மூன்றுக்கும் கடைசிக் கேள்விக்கும் எண் குறைந்தால் நல்லது, நடுவில் உள்ள ஆறுக்கும் எண் கூடினால் நல்லது. திருப்பாமல் அப்படியே கூட்டி ஒரு மொத்தம் எழுதியிருந்தால் அந்த மொத்தத்துக்கு ஒரு பொருளும் இல்லை. "நிம்மதியா இருக்கீங்களா?" என்ற கேள்வியை மருமகள் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் தாத்தா 5 என்றுதான் சொல்வார். யார் கூட இருந்தார்கள் என்று ஓரத்தில் குறித்திருந்தால், கேள்வியின் எடை தெரிந்த ஆள் கேட்டிருக்கிறார்.

படுக்கைப் புண்ணுக்கு இரண்டே கேள்வி: சேரும்போது இருந்தவை எத்தனை, சேர்ந்த பிறகு வந்தவை எத்தனை? இரண்டையும் பிரிக்காமல் ஒரே எண் கொடுத்தால் ஏற்க வேண்டாம். நம் நிறத்துத் தோலில் "சிவந்திருக்கிறதா" என்று பார்த்துக்கொண்டிருந்தால் கோட்டைவிடுவோம். இடுப்பெலும்பு மேலும் குதிகாலிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும், விரலால் அழுத்தி இறுக்கம் பார்க்க வேண்டும், பக்கத்துத் தோலோடு ஒப்பிட வேண்டும். ஒரு கேர்கிவரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கை தானாகக் குதிகாலுக்குப் போகிறதா என்று பாருங்கள்.

கரண்ட் இங்கே எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லோட்ஷெட்டிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) நடந்த காலத்தில் ஒரு தடவைக்கு 2 மணி நேரம், சில நாள் 4. காற்று மெத்தை மெல்ல இறங்கி நோயாளி இரும்புச் சட்டத்தின் மேல் படுத்திருப்பார். ஆக்சிஜன் மெஷின் உடனே நின்றுவிடும். வீட்டில் சிலிண்டர் இருக்கிறதா, அது எத்தனை மணி நேரம் வரும், திறக்கும் சாவி எங்கே தொங்குகிறது? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வராது.

ஆக்சிஜன் என்றதும் விளக்கைச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளிக்கிழமை கற்பூரம் ஏற்றித் தட்டை நோயாளியின் முகத்துக்கு நேரே காட்டுவது நம் வீட்டு வழக்கம். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தால் தலையணையும் போர்வையும்கூட ஆக்சிஜன் ஊறிக் கிடக்கும், ஒரு பொறி போதும். "விளக்கு கூடாது" என்று தடை போட்டுவிட்டுப் போகும் ஹாஸ்பிஸ் பாதிதான் வேலை செய்கிறது. நர்ஸ் போனதும் குடும்பம் ஏற்றிவிடும். விளக்கை அடுத்த அறைச் சாமி மாடத்தில், 3 மீட்டருக்கு அப்பால் வைத்து, விபூதியை மட்டும் கொண்டுவந்து பூசலாம் என்று உட்கார்ந்து பேசுகிறவர்தான் வேலை தெரிந்தவர். கடைசியில் வாயில் பால் ஊற்றுவதும் அப்படியே. விழுங்க முடியாதவருக்குக் கரண்டியால் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குப் போய்த் திணறும். தலையை ஒருக்களித்து, ஸ்பான்ஜ் குச்சியைப் பாலில் நனைத்துப் பிழிந்து, கன்னத்தின் உட்புறம் தடவலாம். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தடவலாம். இதைச் சொல்லித்தருகிறார்களா என்று இறந்தவர் வீடுகளில் கேட்டால் உடனே தெரியும்.

சுவரில் தொங்கும் கோசாசா (மருத்துவ நிலையங்களின் தரத்துக்குச் சான்று தரும் அமைப்பு) அங்கீகாரச் சான்றிதழில் தேதி பார்த்தால் போதும். நர்ஸ்களின் பதிவு எண்ணை நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் சரிபார்க்கலாம், வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டியது அது.

இறந்த ஃபைல்களில் கடைசி இரண்டு தாள். ஒன்று, இறப்பு அறிவிப்புப் படிவம், எண் 1663. வீட்டில் விடியற்காலை 4 மணிக்கு இறந்தால் எந்த டாக்டர் வந்து கையெழுத்துப் போடுவார் என்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். நோயாளியை அண்மையில் பார்த்த டாக்டர் இல்லையென்றால் கையெழுத்து இழுக்கும். அன்றைக்கே கிளேர் எஸ்டேட் மயானத்தில் தகனம் என்று நினைத்த குடும்பம், சொந்தபந்தமெல்லாம் வந்து உட்கார்ந்திருக்க, தாளுக்காகக் காத்திருக்கும். ஃபைலில் இறந்த நேரத்தையும் டாக்டர் வந்த நேரத்தையும் ஒப்பிட்டால் அந்தக் காத்திருப்பு எத்தனை மணி நேரம் என்று வந்துவிடும்.

இன்னொன்று, மிச்ச மார்ஃபின். பாட்டிலில் எத்தனை மில்லி இருந்தது, யார் வாங்கிக்கொண்டு போனார், மருந்தகத்தில் யார் பெற்றுக்கொண்டார்? மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசி நாளில் 6ஆம் அட்டவணைப் பதிவேட்டில் இருப்புக் கட்டியாக வேண்டும், அதனால் ஹாஸ்பிஸின் சொந்த இருப்பு சரியாக இருக்கும். வீட்டுக்குப் போன பாட்டிலில் மிஞ்சியதுதான் எந்தப் பதிவேட்டிலும் இராது. இறந்த 5 பேரின் ஃபைலிலும் அந்த வரியைத் தேடுங்கள். "60 மில்லி, மகள் முன்னிலையில் அளந்தது" என்று தேதியும் இரண்டு கையெழுத்தும் போட்டு எழுதியிருக்கும் இடத்தில், மேலே சொன்ன இரண்டாவது நோவு எண்ணும் பெரும்பாலும் இருக்கும்.