முத்திரைத் தாளில் திருமணம் முறிவதில்லை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நீதிமன்றத்துக்கு அருகே தட்டச்சு நிலையம் வைத்திருப்பதால், கணவன் மனைவி பிரிவு தொடர்பான தாள்கள் பலவும் என் மேசைக்கு வருகின்றன. அவற்றுள் என்னை மிகவும் சங்கடப்படுத்துவது, இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதிய ‘விடுதலைப் பத்திரம்’. பீரோ, கட்டில், பித்தளை அண்டா, ஐந்து பவுன் சங்கிலி ஆகியவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவும், இனி ஒருவர் வாழ்வில் மற்றவர் குறுக்கிடுவதில்லை என்றும் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இரு வீட்டாரும் கையெழுத்திட்டிருப்பார்கள். நோட்டரி முத்திரையும் விழுந்துவிட்டால் அதைத் தீர்ப்பாகவே நம்பிவிடுகிறார்கள். தம் சமூகத்தில் அப்படியொரு நெடுநாள் வழக்காறு இருப்பதை நிரூபித்தாலொழிய, 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் கீழ் அந்தத் தாளால் திருமணம் முறியாது. அதை நம்பி மறுமணம் செய்துகொண்டால், இரண்டாவது திருமணம் செல்லாமல் போவதோடு குற்ற வழக்கும் வரலாம்.

இப்படிச் செய்வதற்கு அறியாமையைவிடச் செலவு பற்றிய அச்சமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஆனால், பஞ்சாயத்துக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு, வண்டி வாடகை, ‘பேசி முடித்தவருக்கு’ மரியாதை என்று செலவழிப்பவர்கள், நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குவதைக் கேட்டறிவதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலேயே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டியில் இருப்பவர்கள் கடலூர் வரை வரவேண்டியதில்லை, அங்கங்கே வட்டக் குழுக்கள் இருக்கின்றன. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம்.

இருவரும் பிரிவதற்கு ஒப்புக்கொண்டால், ஓராண்டு பிரிந்து வாழ்ந்த பின் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின் கீழ் சேர்ந்தே மனு கொடுக்கலாம். அதன்பின் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. தக்க சூழலில் அதை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடையில் ஒருவர் சம்மதத்தை விலக்கிக்கொள்ளவும் முடியும் என்பதால், பணத்தை முழுவதும் முன்கூட்டியே கொடுத்துவிடாமல் தவணையாகப் பிரித்து எழுதுவார்கள்.

ஒப்புக்கொள்ளாதவர்களை நீதிமன்றம் சமரச மையத்துக்கு அனுப்பும். அங்கே கட்டணம் இல்லை. பேசியது எதுவும் பின்னர் சாட்சியமாகாது. அண்மையில் ஒரு சமரச ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தபோது, பணம் பற்றி இரண்டே பத்திகள் இருக்க, பெண் குழந்தையைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாத்தா வீட்டு வாசலில் அழைத்துக்கொள்ள வேண்டும், ஞாயிறு மாலை ஆறுக்குள் விட வேண்டும், தேர்வு வாரத்தில் வேண்டாம், தீபாவளி ஓராண்டு அம்மாவிடம், மறு ஆண்டு அப்பாவிடம், பொங்கல் அதற்கு நேர்மாறாக. வாய்தா வாய்தாவாக நடந்திருந்தால் இவ்வளவு நுணுக்கமாக எவரும் யோசித்திருக்க மாட்டார்கள். மக்கள் நீதிமன்றத்திலும் ஜீவனாம்சம் போன்றவற்றைப் பேசி முடிக்கலாம், கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். விவாகரத்தை மட்டும் தேசிய மக்கள் நீதிமன்றத்தில் எடுப்பதில்லை.

அடி, உதை நடக்கும் வீட்டில் சமரசம் பேசச் சொல்லும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலரிடம் முதலில் செல்ல வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. மாப்பிள்ளை கடலூர், பெண் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் என்ற சம்பந்தங்கள் ஏராளம். பிறந்த வீட்டுக்குத் திரும்பிய மனைவி தான் வசிக்கும் புதுச்சேரியிலேயே மனு போடலாம். கணவர் கடலூரில் வேறொரு வழக்குத் தொடுத்திருந்தால், இரண்டும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு உட்பட்டவையாதலால் ஒரே இடத்துக்கு மாற்றக் கேட்கலாம். புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற ‘ரெனோன்சான்’ குடும்பத்தாருக்கு இந்து திருமணச் சட்டமே பொருந்தாது என்பதை, பக்கத்து ஊர்க்காரரான நாமே பெரும்பாலும் அறிவதில்லை.

ஜீவனாம்சம் கேட்பவரும் எதிர்ப்பவரும் தத்தம் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு முதலான நடைமுறை. ஆகவே முதல் நாளே ஆதார், குடும்ப அட்டை, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீது, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை எடுத்துவாருங்கள். திருமண அழைப்பிதழ் கிடைக்கவில்லை என்றால், தாலி கட்டும் புகைப்படம் ஒன்றைக் கொண்டுவாருங்கள்.