வண்டிக்கடியில் படுத்தவன்

டிரெய்லர் வாடகைக்கு எடுத்துக் கேம்பிங் போகப்போகிறேன் என்றதும், "இதுதான் உனக்கு முதல் கேம்பிங்கா?" என்று ஆபீஸில் ஒருத்தர் கேட்டார். கரிசனமாகத்தான் கேட்டார், டார்ச் லைட்கூட இரவல் தருவதாகச் சொன்னார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு "ஆமா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருந்த அம்மா, முறுக்குப் பிழிவதை நிறுத்தாமலே கேட்டாள்: "அப்போ இருக்கன்குடி கோயில் திருவிழாவுல வண்டிக்கடியில படுத்துக் கிடந்தியே, அது எதுல சேத்தி?"

சுருக்கென்றது. அமெரிக்காவில் இந்த இண்டியானா மாநிலத்துக்கு வந்து ஒன்பது வருடம். பனி தள்ளப் பழகியாச்சு. ஊர் ஞாபகமெல்லாம் முன்ன மாதிரி வருவதில்லை என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை அம்மாவை எல்க்ஹார்ட் ஊரிலுள்ள கேம்பிங் வண்டி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். பட்டாசுக்குச் சிவகாசி மாதிரி, இங்கே கேம்பிங் வண்டிக்கு எல்க்ஹார்ட். 1913இல் செய்த ஒரு டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் வீடு, அங்கே நிற்கிறது. மிஞ்சியிருப்பதில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். முன்னால் ஒரு டி மாடல் ஃபோர்டு. அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாடு எங்கடா?" என்றாள்.

கார் ஃபோர்டும் பல்பு எடிசனும் டயர் ஃபயர்ஸ்டோனும் கூட்டுச் சேர்ந்து வருஷா வருஷம் காரில் காட்டுக்குப் போவார்கள், பின்னால் சமையல் வண்டியும் சமையல்காரரும் வருவார்கள் என்றேன். "சமையலுக்கு ஆள் வச்சுப் போனா அது கல்யாணம்டா." 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் கூடிய 'டின் கேன்' பயணிகளைத்தான் அவளுக்குப் பிடித்தது. ரேடியேட்டர் மூடியில் காலி டப்பாவைப் பற்றவைத்துக்கொண்டு ஊர் சுற்றியவர்கள். டப்பாச் சாப்பாடு, நமக்குக் கட்டுச்சோறு.

ஷெர்மன் கதையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். டெட்ராய்ட்காரர், கிருமி ஆராய்ச்சியாளர். ஐந்தே நிமிடத்தில் விரித்துவிடலாம் என்ற விளம்பரத்தை நம்பிக் கூடார டிரெய்லர் வாங்கினார். முதல் ராத்திரியே இடிமழை. விரிக்கத் தெரியாமல் குடும்பமே தொப்பலாக நனைந்தது. கோபத்தில் அவரே பலகை வைத்து ஒன்று கட்டிக்கொண்டார். 1930இல் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் வைத்தார். அந்த ஆண்டு 118 விற்றன. அதற்கு அவர் பிள்ளைகள் வைத்த பெயர் 'கவர்டு வேகன்'.

"அப்படின்னா?"

"கூண்டு வண்டி."

அதற்குப் பிறகு அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அப்போதெல்லாம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் சாத்தூர்ப் பக்கமிருந்து இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு மாட்டு வண்டி வண்டியாகப் போகும். வைப்பாற்று மணலில் நுகத்தடியை இறக்கி, ஊற்றுத் தோண்டி, மூன்று கல் வைத்து உலை. கூண்டுக்குள் பொம்பளைகள், அடியில் சாக்கு விரித்து நாங்கள். அச்சிலிருந்து வண்டி மை சொட்டும். மொட்டைத் தலையில் சந்தனத்துக்கு மேல் அது சொட்டி, கழுவக் கழுவப் போகாமல், தாத்தா மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தது இப்போதும் எரிகிறது. ராத்திரி முழுக்க மாடு அசைபோட, கழுத்துமணி விட்டு விட்டுக் கேட்கும்.

போன மாதம் டிரெய்லர் வாடகைக்கு எடுத்துப் போனோம். ஏசி, ஃபிரிட்ஜ், மெத்தை எல்லாம் இருந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. வெளியே வந்து டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். அடியில் கக்கூஸ் குழாய் போகிறது. படுக்க இடமில்லை.