அங்கிள் ஹோ அல்ல, ஹோ பெரியப்பா

ஹனோயில் இறங்கிய மறுநாள் காலை, சந்து முனையில் டீ விற்கும் அம்மா என்னிடம் முதலில் கேட்டது பிறந்த வருஷத்தை. பேர், ஊர் எல்லாம் அப்புறம்தான். 1987 என்றேன். விரல்விட்டு எண்ணிவிட்டு "பூனை" என்றார். வருஷத்துக்கு ஒரு மிருகம் என்று சுற்றுகிற சீனர்களின் பன்னிரண்டு வருஷச் சக்கரத்தில் முயல் இருக்கிற இடத்தில் வியட்நாமியர்கள் பூனையை உட்கார வைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த நண்பர்தான் மொழிபெயர்த்துச் சொன்னார். ஆஸ்திரேலியாக்காரர், சொந்த ஊர் அடிலெய்டு. 52 வயது. பதினாலு வருஷமாக இங்கே ஆங்கில வாத்தியார். அவர் மனைவி சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்த்தவர், ஹனோய்ப் பெண். அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் எட்டு நாள் இருந்தேன்.

"வந்த புதுசுல இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்" என்றார் நண்பர். "எங்க ஊர்ல முன்னப்பின்ன தெரியாதவங்க வயசு கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்குவோம். இவங்க வம்புக்குக் கேக்கல. வயசு தெரியாம என்னை எப்படிக் கூப்பிடறதுன்னு முழிக்கிறாங்க. அது எனக்குப் புரியறதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு."

வியட்நாமிய மொழியில் 'நான்', 'நீ' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர முடியாது. அண்ணன் என்றால் ஆன், அக்கா என்றால் சி, தம்பிக்கும் தங்கைக்கும் எம். தன்னைச் சொல்லும்போதும் அதே சொற்கள்தான். "அண்ணன் நாளைக்கு வரேன், தம்பி சாப்பிட்டியா?" என்கிற கணக்கில் பேச்சு ஓடுகிறது. 'டோய்' என்று தனியாக ஒரு 'நான்' உண்டு. தெருவில் அதைப் பேசினால் கலெக்டருக்கு மனு எழுதுகிற தோரணை வந்துவிடுமாம்.

நண்பர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் ஒரு பழுப்பேறிய தாள் ஒட்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் கைப்பட எழுதிய உறவுமுறைப் பட்டியல். அப்பாவின் அண்ணன் பாக், அப்பாவின் தம்பி சூ, அப்பாவின் தங்கை கோ, அம்மாவின் தம்பி கவ், அம்மாவின் தங்கை ஸீ. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆங்கிலத்தில் அங்கிள், அங்கிள், ஆன்ட்டி, அங்கிள், ஆன்ட்டி என்று எழுதி, அம்புக்குறி போட்டு, அடித்து, திரும்ப எழுதியிருந்தார். நான் படித்துக்கொண்டே வந்தேன்: பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி. பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. மனுஷர் என்னை முறைத்தார். (வடக்கு வியட்நாமில் அம்மாவின் அண்ணனையும் பாக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அங்கே மட்டும் நம் தாய்மாமன் கொஞ்சம் இடிக்கிறார்.)

அந்தப் பட்டியலைப் பார்த்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. பாடப் புத்தகத்திலிருந்து செய்தித்தாள் வரை உலகம் முழுக்க 'அங்கிள் ஹோ' என்கிறதே, வியட்நாம் விடுதலைப் போராட்டத் தலைவர் ஹோ சி மின்னை இவர்கள் கூப்பிடுவது 'பாக் ஹோ'. அதாவது பெரியப்பா. அப்பாவை விட ஒரு படி மேலே. ஆங்கிலம் அவரை மாமாவா சித்தப்பாவா என்றே தெரியாத இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது.

வயதையும் மீறி நிற்பது முறை. நண்பரின் கல்யாண விருந்தில் மனைவி வழியில் இருபது வயதுப் பையன் ஒருவன் வந்திருக்கிறான். மாமனாரின் அண்ணன் மகன். முதுகில் தட்டி "தம்பி" என்று கூப்பிட்டிருக்கிறார் இவர். பந்தியே கப்சிப். பெரியப்பா பிள்ளை எத்தனை சின்னவனாக இருந்தாலும் மனைவிக்கு அண்ணன், ஆக இவருக்கும் அண்ணன். "வயசுக்குச் சின்னவன், முறைக்குப் பெரியவன்" என்று எங்கள் பக்கம் சொல்வோம் என்றேன். அதை அவருக்கு ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

இவ்வளவு தெரிந்தும் மூன்றாம் நாள் சொதப்பினேன். டீக்கார அம்மாவுக்கு மரியாதை கொடுக்கிறேன் பேர்வழி என்று 'பா' என்றேன். பாட்டி. அவருக்கு அறுபது இருக்கும், முடிக்குக் கறுப்புச் சாயம், காதில் சின்ன ஜேட் தோடு. பதில் இல்லை. ஐஸ் டீ தம்ளர் 'டக்'கென்று வந்து விழுந்தது. ஒரு தம்ளர் 5,000 டோங், நம் காசுக்குப் பதினாறு பதினேழு ரூபாய். தினமும் ஓசியில் கூட வரும் கடலை மிட்டாய்த் துண்டு அன்றைக்கு வரவில்லை. ஆமாம், கடலை மிட்டாய்தான். கோவில்பட்டியில் பாகு கொஞ்சம் இறுகலாக இருக்கும், இங்கே எள்ளும் சேர்க்கிறார்கள். பக்கத்தில் மூங்கில் குழாயில் புகையிலை இழுத்துக்கொண்டிருந்த சைக்கிள் ரிப்பேர்க்காரர் வாயைப் பொத்திச் சிரித்தார்.

ஹா லாங் விரிகுடாவுக்கும் போனேன். படங்கள் எல்லோர் போனிலும் இருக்கின்றன. முட்டைக் காபியும் குடித்தேன். 1946இல் பால் தட்டுப்பாட்டில் ஹோட்டல் ஊழியர் ஒருவர் மஞ்சள் கருவை அடித்து ஊற்றிக் கண்டுபிடித்தது. காபி என்பதை விடப் பாயசம் என்பது பொருத்தம்.

மனசில் நின்றது லாங் பியென் பாலம். பிரெஞ்சுக்காரர்கள் கட்டி 1902இல் திறந்த இரும்புப் பாலம், சிவப்பு ஆற்றின் மேல் ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதிக நீளம். 1967இல் தொடங்கி அமெரிக்க விமானங்கள் திரும்பத் திரும்பக் குண்டு போட்டும், ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு நிற்கிறது. நடுவில் ரயில், இரண்டு ஓரத்திலும் மோட்டார் சைக்கிள்கள். நாடு முழுக்க வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள் இந்தப் பாலத்தில் ஏறியதும் இடப்பக்கம் வந்துவிடுகிறார்கள். நண்பரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். "இந்த ஒரு இடத்துலதான் எனக்கு அடிலெய்டு ஞாபகம் வரும்" என்றார். எனக்கு மதுரை ஞாபகம் வந்தது.

அவருக்கு இந்த ஊரில் பிடித்தது கோயிலோ ஏரியோ இல்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் யாரோ ஒருவராக, அண்ணனாக, சித்தப்பாவாக இருப்பதுதான். அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறும். அன்று இரவு சாப்பாட்டில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி கீரையைக் கிண்ணத்தில் போட்டபடி, "அவருக்கு இது கலாசாரம். எனக்கு அத்தை, பெரியம்மா, ஆபீஸ்" என்றார். அவருடைய மேலதிகாரி அவரை விட ஆறு வயது சின்னவளாம். தங்கை என்றால் பதவிக்குக் குறைச்சல், அக்கா என்றால் பொய். அதனால் மின்னஞ்சல் எல்லாம் ஆங்கிலத்தில் போகிறது. "ஐ, யூ. எவ்வளவு நிம்மதி தெரியுமா?" நான் அவர் கட்சி. நண்பரிடம் யாரும் ஏன் இன்னும் இரண்டாவது குழந்தை இல்லை என்று கேட்பதில்லை. மனைவியிடம் கேட்கிறார்கள். வெள்ளைக்காரருக்கு உறவின் இனிப்பு மட்டும் கிடைத்து, வட்டி இன்னொருவர் கணக்கில் ஏறுகிறது.

கிளம்புகிற அன்று காலை டீக்கடையில் அந்த அம்மாவின் பேத்தி இருந்தாள். ஐந்து வயது, பள்ளிக்கூடப் பை முதுகை மறைக்கிற பெரிசு. வணக்கம் சொல்லு என்றார் பாட்டி. குழந்தை என்னைப் பார்த்து முழித்தது. உடனே ஒரு விசாரணை நடந்தது. குழந்தையின் அப்பா 1988, டிராகன் வருஷம். நான் 1987, பூனை.

"சாவ் சாவ் பாக் ஆ" என்றாள் கையைக் கட்டிக்கொண்டு. கடைசியில் வருகிற அந்த 'ஆ' நம்ம 'ங்க' மாதிரி. ஒரே ஒரு வருஷ வித்தியாசத்தில் பெரியப்பா ஆகிவிட்டேன். கடலை மிட்டாயும் வந்தது.

அடுத்து நண்பர் பக்கம் திரும்பினாள். அவரைப் பற்றி யாரும் எதையும் விசாரிக்கவில்லை. வெள்ளைத் தாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளாகவே "ஓங்" என்றாள். தாத்தா.

எட்டு நாளில் முதல் தடவையாக அவர் முகம் சுருங்கிப் பார்த்தேன். "போன மாசம் வரைக்கும் பாக்னுதான் கூப்பிட்டா" என்றார் டீக்கார அம்மாவிடம். அந்த அம்மா காதில் விழாத மாதிரி ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்.