பத்துக் குளிசை

மே 6, 2025, செவ்வாய்

இன்று முதலாவது குளிசையைப் போட்டேன். மிச்சம் ஒன்பது.

பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறி இரண்டு நிமிடம்கூட இருக்காது. சோளகம் தொடங்கிவிட்டது, யன்னலால் உப்புக்காற்று. திடீரென்று விரல்கள் விறைத்தன. நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. இரண்டு பக்கமும் கடல், இறங்கவும் இடமில்லை. மாசி மாதம் முதல்முறை இப்படி வந்தபோது மாரடைப்பு என்று நினைத்துத்தான் ஓடினோம். ஈசிஜி சரி, இரத்தப் பரிசோதனையும் சரி. "ஒண்டுமில்லை, வீட்ட போங்கோ" என்றார்கள். ஒன்றுமில்லாததற்கா ஒரு மனிதன் சட்டை நனைய வியர்ப்பான்?

பதகளிப்பு என்று பெயர் சொன்னவர் பிறகு பார்த்த மனநல வைத்தியர். தினமும் ஒரு செர்ட்ரலின் எழுதினார். அது பிடிக்க நாலு ஆறு கிழமை ஆகுமாம், முதல் கிழமைகளில் படபடப்புக் கொஞ்சம் கூடவும் செய்யலாமாம். தாங்கவே முடியாத நேரத்துக்கு மட்டும் லொராசெபாம், அரை மில்லிகிராம், பத்து.

மண்டைதீவுச் சந்தி தாண்டும்போது அதைத்தான் விழுங்கினேன். வேலணையில் இறங்கும்போதே நெஞ்சு அடங்கத் தொடங்கியிருந்தது. குளிசை செய்தது என்றுதான் நினைத்தேன். பிறகு கணக்குப் பார்த்தால் (என் தொழிலே அதுதானே) நேரம் சரிவரவில்லை. இந்தத் தாக்கம் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். குளிசை வேலையைத் தொடங்கவே இருபது முப்பது நிமிடம். சுவாமி இருப்புக்குப் போனபிறகு தவிலோடு வந்து நின்ற ஆள் மாதிரி, அது கந்தோரில் பேரேட்டைத் திறக்கும்போதுதான் வந்து சேர்ந்தது. கண் சொருகியது. பின்னேரம் வரைக்கும் எல்லாம் பஞ்சுக்குள் நடந்தது.

மே 8

அம்மா மட்டையைக் கண்டுவிட்டா. "உது நித்திரைக் குளிசையே, தம்பி?"

அவ பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பெரியம்மா டயசிபாம் போட்டவ, ஒவ்வொரு இரவும், எத்தனையோ வருசம். என்னுடைய லொராசெபாமும் அதே வகைதான். அந்த வகையில் லிப்ரியம் 1960இல் வந்தது, வேலியம் 1963இல். வேலியம்தான் இந்த டயசிபாம். பெரியம்மாவின் தலைமுறைக்கு அது ஏதோ இருமல் மருந்து மாதிரி. தொடர்ந்து சில கிழமை எடுத்தாலே உடம்பு பழகிவிடும், சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் வரலாம் என்று அவவுக்கு யாரும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு விடியற்காலை கிணற்றடிக்குப் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. அதையும் வயசு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

நான் எடுப்பது எப்போதாவதுதான் என்று சொன்னேன். "அவவும் அப்பிடித்தான் தொடங்கினவ" என்றா.

மே 15, வியாழன்

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இன்று எந்தத் தாக்கமும் வரவில்லை. கணக்காய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று, வரக்கூடும் என்ற பயத்துக்கே காலையில் ஒன்றைப் போட்டேன். மிச்சம் எட்டு.

அருமையாக இருந்தது. அதுதான் பிரச்சினை. மூளையில் காபா என்று ஒரு இரசாயனம் இருக்கிறது, அது தானாகவே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். இந்தக் குளிசை அந்தப் பிரேக்கை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கொடுக்கிறது. பயத்தில் மட்டும் பிடித்தால் பரவாயில்லை. மத்தியானம் கணக்காய்வாளர் கேட்ட மூன்று விசயத்தில் ஒன்று அடியோடு ஞாபகமில்லை. மோட்டார் சைக்கிளை பஸ் நிலையத்திலேயே விட்டுவிட்டு மச்சானோடு வீட்டுக்குப் போனேன். பாதி மருந்து வெளியேறவே பன்னிரண்டு மணித்தியாலம் ஆகுமாம்.

மே 28

கூட வேலை செய்கிறவர் தேநீர் நேரத்தில் மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, உங்கட அந்தக் குளிசையில ஒண்டு தாங்கோவன். பிள்ளையின்ர கலியாணப் பேச்சு, ஒரே அந்தரமாக் கிடக்கு."

பின்னேரம் கள்ளுக் குடிக்கிற மனிதர். இதோடு மதுவும் சேர்ந்தால் மூச்சே குறைந்து போகும். இல்லை என்றேன். எட்டை ஏழாக்க மனம் வரவில்லை என்பதும் உண்மை. எது முந்திய காரணம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஜூன் 4, புதன்

திரும்பப் பாலத்தில். கடுமையானது. ஒன்று போட்டேன், ஏழு.

மாலை மச்சாள் வந்திருந்தா. "தொண்ணூத்தைஞ்சில நாவற்குழிப் பாலத்தில பட்டதுதான் உங்களுக்கு இப்ப வருது" என்றா. எல்லோருக்கும் இந்தக் காரணம் பிடித்திருக்கிறது. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்த ஒக்ரோபர் கடைசி இரவு, மழை, நகர முடியாத சனம், எல்லாம் நினைவிருக்கிறது. எனக்குப் பதினாலு வயது. ஆனால் நான் பயப்படவில்லை. சைக்கிள் கரியரில் கட்டியிருந்த மூட்டைக்குள் கைவிட்டு பிஸ்கட் தின்றுகொண்டு வந்தேன். அழுதது அப்பா. வைத்தியரிடம் இதைச் சொன்னபோது அவர் எழுதிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தளவில் அவரைப் பிடிக்கும்.

ஜூன் 19, வியாழன்

பாலம் ஏறியபிறகுதான் சட்டைப்பையைத் தடவினேன். மட்டை இல்லை. நேற்றுப் போட்ட சட்டையில் கிடக்கிறது.

அது தெரிந்த நொடியே வந்தது. முன்சீற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். தண்ணீருக்குள் நட்டிருந்த வலைத் தடிகளை எண்ணினேன், நாற்பதுக்கு மேல் தவறிவிட்டது. கொண்டக்டர் பொடியன் மிச்சக் காசை நீட்டியபடி "ஐயா, சுகமில்லையோ?" என்றான். தலையாட்டினேன். பதினொரு நிமிடம். குளிசை போட்ட நாளிலும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மட்டையைத் தேடிப் பையில் வைத்தேன்.

ஜூலை 1

கிளினிக். செர்ட்ரலின் பிடித்திருக்கிறது என்றார், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. பஸ்ஸில் இறங்காமல் போய்வரும் பயிற்சியைத் தொடரச் சொன்னார். பிறகு கேட்டார்: "மற்றது எத்தினை மிச்சம்?"

"மூண்டு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஏழு இருக்கிறது. ஐந்துக்குத் துண்டு எழுதித் தந்தார். பாமசியில் வாங்கி, பஸ்ஸுக்குள் இருந்து எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு.

இரவு மனைவியிடம் முழுவதையும் சொல்லி, மட்டைகளைக் கையில் கொடுத்தேன். "இஞ்சேருங்கோ, ரெண்டை மட்டும் பையில வையுங்கோ" என்று வெட்டித் தந்தா. மிச்சத்தை எங்கே வைத்தா என்று நான் கேட்கவில்லை. அலுமாரிக் கதவுச் சத்தம் மட்டும் கேட்டது.